புற்றிடம் வழி கேட்கும் பட்டன்

போலந்திலிருந்து வந்த அறிக்கையை மனோங் தியோடி சத்தமாகப் படித்தபோது என் வாயில் ஒரு கரண்டி நூடுல்ஸ் சூப் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"'நாற்பத்தொரு புற்றுகளை மிதித்தேன். எதுவும் நடக்கவில்லை. அனுமதி கேட்கும் பட்டனால் பயன் ஏதுமில்லை. நீக்கிவிடலாம்.' என்னது இது? கால் வீங்கலியா? மரிவிக், கால் வீங்கணுமே!"

மரிவிக் நான்தான். கால் வீங்க வைக்கும் கோட் எழுதியதும் நான்தான்.

எங்கள் விளையாட்டின் பெயர் பலேட்டே, ஆவிகள் குடியிருப்பதாக எங்கள் பக்கம் சொல்லும் ஒரு மரத்தின் பெயர். மனிலாவுக்குத் தெற்கே, எங்கள் ஊரான இலோய்லோவில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஒன்பது பேர் சேர்ந்து செய்த ஆன்லைன் விளையாட்டு. யாரோ எந்த ஊரிலோ கட்டிய கோட்டையையும் டிராகனையும் ஆடி ஆடிச் சலித்த நம் ஆட்கள், ஏழே வாரத்தில் பதினோராயிரம் பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். காட்டைக் கடக்க வேண்டும். வழியெல்லாம் புற்று, புற்றுக்குள் நூனோ என்கிற குட்டிக் கிழவர். "தபி-தபி, கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்காமல் அவர் வீட்டை மிதித்தால் கால் பூசணிக்காயாக வீங்கும். கேட்பதற்கு ஒரு பட்டன் உண்டு.

மனிலாவில் ஒரு கம்பெனி இதை நாலு வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தயாராக இருந்தது. அதற்காகத்தான் போலந்தில் ஒருவனை ஆடிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பட்டன் இருப்பதா போவதா என்று முடிவு செய்ய வியாழக்கிழமை அவர்கள் ஆள் ரோல்டன் வருகிறார். பட்டன் போனால் புற்றும் போகும், அந்த இடத்தில் குதித்துத் தாண்டும் பட்டன் வரும்.

"குதிக்கிறதுக்கு ஊருல ஆயிரம் விளையாட்டு இருக்கு. இதையும் எடுத்துட்டா அப்புறம் நம்மளோடதுன்னு இதுல என்ன மிச்சம்? மரத்தோட பேர் மட்டும்தான்," என்றார் மனோங். மூன்று வருடம் உட்கார்ந்து இந்தக் காட்டை வரைந்தவர் அவர். மனோங் என்றால் எங்களுக்கு அண்ணன், முதலாளியும் அவர்தான்.

நான் கோட்டைத் திறந்தேன். ஐந்து மாதத்துக்கு முன் நானே எழுதிய ஒரு வரி அங்கே உட்கார்ந்திருந்தது. 'சாபம்: நிறுத்தி வை.'

அன்று காலையில் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. முதல்முறை ஓட்டிப் பார்க்கும்போது விளையாட்டு என் பெயரைக் கேட்டது, நானும் என் சொந்தப் பெயரையே கொடுத்துவிட்டேன். பிறகு புற்றின் முன்னால் நின்றுகொண்டு யோசித்தேன். என் பெயரை வைத்துக்கொண்டு என் காலுக்கே எதற்கு வம்பு? ஒரு வரி போட்டுச் சாபத்தை நிறுத்தினேன். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறந்தே போனேன். இத்தனைக்கும் பேய் பிசாசு என்று யாராவது பேசினால் முதலில் சிரிப்பவள் நான்!

ஆறுமாதத் தகுதிகாண் வேலை என்னுடையது. வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரம் ஆவேனா, வீட்டுக்குப் போவேனா என்று தெரிய மூன்றே நாள்.

எரிச்சலைக் காட்ட ஆள் வேண்டுமே. டெஸ்டிங் பார்க்கும் ஜெரால்டினிடம் போனேன்.

"ஏண்டி, எல்லாத்தையும் சோதிச்சேன்னு டிக் போட்டிருக்கியே, கேட்காம ஒரு புத்தையாவது மிதிச்சியா?"

என்னை அக்கா முறையில் மனாங் என்று கூப்பிடும் அவள், எட்டு மாத வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "என்ன மனாங் பேசறீங்க? வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு புத்தை மிதிப்பாங்களா?"

"அது கம்ப்யூட்டர்ல இருக்கிற புத்துடி!"

"அப்போ நீங்க மிதிக்க வேண்டியதுதானே?"

என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

ஏழு வாரம் சாபமே இல்லாமல் விளையாட்டு ஓடியிருக்கிறது. பதினோராயிரம் பேரில் ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. எப்படி? பதிவுகளை இறக்கிப் பார்த்தேன். புற்றைக் கடந்தது மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் தடவை. கேட்காமல் கடந்தது நாற்பத்து நாலு. அதில் நாற்பத்தொன்று அந்தப் போலந்துக்காரன். மீதி மூன்று பேர் அவசரத்தில் மறந்தவர்கள். மூன்று பேருமே பாதிக் காட்டிலிருந்து திரும்பி வந்து, அதே புற்றின் முன்னால் நின்று ஏழெட்டுத் தடவை பட்டனை அமுக்கியிருந்தார்கள்.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகம் தெரியாத அந்த மூன்று பேர் மேல் எனக்கு அப்படியொரு பிரியம் வந்தது. சாபம் இருக்கிறதா என்று யாருமே பார்க்கப் போகவில்லை. வீட்டில் ஆள் இருந்தால் கேட்டுவிட்டுத்தானே போக வேண்டும்?

இதை வெளியே சொன்னால் பட்டன் பிழைக்கும். சொன்னால் என் தவறும் வெளியே வரும். ஓசைப்படாமல் அந்த வரியை அழித்துவிட்டு, போலந்துக்காரன் கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு என்று சாதித்திருக்கலாம். புதன்கிழமை முழுக்க அந்த ஆசையோடு மல்லுக்கட்டினேன். அப்படிச் செய்தால், சாபம் இல்லாமலே எல்லோரும் கேட்டுவிட்டுப் போனார்கள் என்ற இந்தக் கணக்கை யாரிடமும் காட்ட முடியாதே!

வியாழன் காலை ரோல்டன் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஐஸ் காபி, வயது முப்பதுக்குள். எங்கள் ஒரே மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தோம்.

"நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா இந்த பட்டன் சும்மா இருக்கு. அமுக்கினாலும் ஒண்ணுதான், அமுக்கலைன்னாலும் ஒண்ணுதான்," என்றார்.

"அதுக்குக் காரணம் நான் சார்," என்றேன்.

மனோங் திரும்பிப் பார்த்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், என் பெயரை நினைத்துப் பயந்ததையும் சேர்த்து. பிறகு பதிவுகளைக் காட்டினேன். யாரோ சிரித்தார்கள். மனோங் சிரிக்கவில்லை. நாற்பத்து நாலு என்ற எண்ணையே வெறித்துக்கொண்டிருந்தார்.

ரோல்டன் தோளைக் குலுக்கினார். "பழக்கதோஷம். கிராமத்து ஆளுங்க அமுக்குவாங்க. நான் மனிலாவுலயே பொறந்து வளர்ந்தவன். எனக்கெல்லாம் இது கிடையாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. லேப்டாப்பை அவர் முன்னால் தள்ளினேன்.

"அப்போ நீங்களே கடந்து காட்டுங்க சார். ஒண்ணும் ஆகாது. கோட் எழுதினவ நானே சொல்றேன். சாபம் இன்னும் நிறுத்தித்தான் இருக்கு."

"இவ்வளவுதானே?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டார். பெயர் கேட்டது. 'போபோய்' என்று தட்டினார். வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்கும். போபோய் காட்டுக்குள் நடந்தான். குறுகிய பாதை, நடுவே புற்று. போபோய் நின்றான்.

"போங்க சார்," என்றாள் ஜெரால்டின்.

"போறேன், போறேன்."

போபோய் ஒரு அடி முன்னால் வைத்தான், இரண்டு அடி பின்னால் வைத்தான். சுற்றிப் போக வழி தேடினான். வழி இல்லை, மனோங் அப்படித்தான் வரைந்திருந்தார்.

"மனிலாக்காரரே, என்ன ஆச்சு?" என்றார் மனோங். ரோல்டன் வந்ததிலிருந்து இப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

ரோல்டன் புற்றைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"எனக்கு சாயங்காலம் ஃப்ளைட் இருக்கு," என்று முணுமுணுத்துவிட்டு பட்டனை அமுக்கினார். உதடும் அசைந்தது.

மாடியே அதிரும்படி சிரித்தோம். கடைசியில் அவரும் சிரித்தார். "சரி, பட்டன் இருக்கட்டும். ஆனா சாபத்தை ஒழுங்கா வேலை செய்ய வையுங்க. வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு அதுதான் புரியும்," என்று சொல்லி, ஐஸ் காபியை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

மனோங் என் மேசைக்கு வந்தார்.

"பட்டனைக் காப்பாத்தினதும் நீதான், கவுத்ததும் நீதான் இண்டாய்," என்றார். வீட்டுப் பெண்ணைக் கூப்பிடும் அந்தச் சொல்லை அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல்முறை. "நாளைக்குக் கையெழுத்து போடறேன். ஆனா அந்த வரியை நீயே எடுக்கணும். உன் பேர்லயே, கேட்காம மிதிச்சு, கால் வீங்குதான்னு நீயே பார்க்கணும்."

"வேற யாராவது..." என்று சுற்றிலும் பார்த்தேன். மற்ற ஏழு பேரும் திடீரென்று மும்முரமாக வேலை பார்க்க ஆரம்பித்தார்கள்.

வரியை அழித்தேன். என் பெயரைக் கொடுத்தேன். மரிவிக் காட்டுக்குள் நடந்து புற்றின் முன்னால் வந்து நின்றாள். ஜெரால்டின் எனக்குப் பின்னால் வந்து நின்று, கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

பட்டனை நான் தொடவில்லை. குனிந்து, திரையோடு முகத்தை ஒட்டி, என் வாயாலேயே சொன்னேன். "தபி-தபி. வேலைக்காக மிதிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க."

பிறகு மிதித்தேன். மரிவிக்கின் கால் அழகாக வீங்கியது.