மூப்பரைவிட்டுப் போன எறும்புகள்

டோங்காவின் லிஃபுகா தீவில் மூப்பர் மலாகாய் சர்க்கரை வியாதிக்கு மூன்றாவது மாத்திரையைத் தொடங்கிய வாரமே, அவர் ஒன்றுக்குப் போகும் வேலியோரம் கரும்பு முளைத்தது. நட்டவர் யாருமில்லை. கூடவே எறும்புகளும் வந்தன. வரிசை கலையாமல், அவர் போகுமிடமெல்லாம், கோயில்வரைக்கும் பின்னால் நடந்தன. பெரிய மனுஷன் என்றால் பரிவாரம் இருக்கத்தானே செய்யும் என்று மூப்பர் விளக்கம் சொன்னார்.

நர்ஸ் சேலா ஆண்டுக்கு ஒன்றாக அவருக்கு மூன்று மாத்திரைகள் கொடுத்திருந்தாள். முதலாவது, ஈரல் கண்டபடி சர்க்கரையை ரத்தத்தில் அவிழ்த்துவிடாமல் பிடித்துவைக்கும். பதிலுக்கு வயிற்றை அவிழ்த்துவிடும். பிரசங்கத்தின் நடுவே மூப்பர் வெளியே ஓடுவதைச் சபை 'தனி ஜெபம்' என்றே அறிந்திருந்தது. வாயில் தகரச் சுவை தங்கியதில் ஆட்டு விலாக்கொழுப்பு ஆணியைக் கடிப்பதுபோல இருந்தது, ஆனாலும் தின்றார். இரண்டாவது, கணையத்தைக் கசக்கி இன்சுலினைப் பிழியும். உண்டவனா பட்டினியா என்று பார்க்காது. மூன்றாவது, மிச்சச் சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியே தள்ளும். தாகம் வந்தது, சொல்ல முடியாத இடத்தில் அரிப்பும் வந்தது. கரும்பு மட்டும் மருந்துத் தாளில் இல்லை.

"மூப்பரே, ரெண்டாவது மாத்திரை போட்டா சாப்பிட்டே ஆகணும். கை நடுங்கி வேர்த்தா ஒடனே இனிப்பு," என்றாள் சேலா.

"சாப்பிடச் சொல்றதுதான் வைத்தியமா? அத முப்பது வருஷமா நானே பாத்துக்கிறேனே!"

மனைவி லுசேயானேதான் காதுகொடுத்துக் கேட்டாள். அன்றுமுதல் அவள் கைப்பையில் ஒரு கரும்புத் துண்டு இருந்தது.

ஜனவரி ஜெபவாரத்தில் ஊரே ஒருநாள் உபவாசம் இருக்கும். மூப்பர் மூன்று நாள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். மாத்திரைகளை மட்டும் விடவில்லை.

"அந்த ரெண்டாவத மட்டுமாவது விடுங்களேன்," என்றாள் லுசேயானே.

"பட்டினியும் கெடக்கேன், மருந்தும் முழுங்கறேன். இதுல ஒனக்கு என்னடி கொறச்சல்?"

இரண்டாம் நாள் ஜெபத்தில் மூப்பருக்கு வேர்த்தது, கை நடுங்கியது, நாக்கு குழறிப் புதுப்புதுச் சொற்கள் வந்தன. ஆவி இறங்கிவிட்டதென்று சபை "மாலியே! மாலியே!" என்று, பலே போடுவதுபோல, ஆர்ப்பரித்துப் பாட்டை எடுத்தது. லுசேயானே தரையைப் பார்த்தாள். அவர் காலடியிலிருந்த எறும்புகள் திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. உடம்பில் இனிப்பில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கை பைக்குள் போய்க் கரும்பைப் பற்றியது.

பக்கத்திலிருந்த மூப்பரின் அக்கா அவள் முழங்கையை அழுத்தினாள். "எந்தம்பி மேல ஆவி நிக்குது. கரும்பக் காட்டி மானத்த வாங்காத."

அந்தத் தீவில் தம்பி குடும்பத்துக்கு அக்கா சொல்தான் சட்டம். இந்தப் பாட்டு முடியட்டும் என்று லுசேயானே இருந்தாள். பாட்டுக்கு ஆறு சரணம். நான்காவதில் மூப்பர் சரிந்தார். கடைசி எறும்பும் அப்போது படியிறங்கியிருந்தது.

கல்லறையில் 'உபவாசத்தில் உறங்கினார்' என்று பொறித்தார்கள். சேலா அதை இரண்டுமுறை வாசித்துவிட்டுப் போனாள். வேலிக் கரும்பு அந்த வாரமே காய்ந்தது. எறும்புகள் மட்டும் திரும்பிவந்தன. இப்போது அவை ஞாயிறுதோறும் லுசேயானேயின் பின்னால் கோயிலுக்கு நடந்து, அவள் மடியிலிருக்கும் பைக்குள் ஏறி இறங்குகின்றன. அவள் பையைத் திறப்பதுமில்லை, எறும்பைத் தட்டுவதுமில்லை. சபையார் வரிசையை மிதிக்காமல் தாண்டிப் பழகிவிட்டார்கள். பதினொரு வருஷமாகிறது, கரும்பு இன்னும் தீரவில்லை.