தொண்ணூற்றைந்து ஆக்டேன்

இருதயநாதனிடம் அவனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். தலையில் சொட்டை விழுகிறது என்று சொல்லலாம், கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கும்போது சுருதி எங்கேயோ போகிறது என்று சொல்லலாம், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வான். அவன் வண்டியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. மரக்காணம் உப்பளத்தில் ஏழு வருஷமாக மூட்டை சுமக்கிற பெட்ரோல் பிக்கப் அது. உப்புக் காற்றில் கதவின் அடித்தகடு துருப்பிடித்து, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. இருக்கட்டுமே, அவனுக்கு அது ரதம்.

அந்த ரதம் ஈஸ்டருக்குப் பிறகு இழுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, பதினொன்றுக்கு வந்து நின்றுவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உப்பளத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஏறுகிற மண் ஏத்தம் ஒன்று இருக்கிறது. பத்து ஆள் நீளம்கூடத் தேறாது. முப்பது மூட்டையோடு அதில் வெண்ணெய் மாதிரி ஏறிக்கொண்டிருந்த வண்டி, இப்போது பாதியில் நின்று உறுமியது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தான். அவமானம் தாங்கவில்லை இருதயநாதனுக்கு.

டீக்கடையில் தங்கராசுவிடம் புலம்பினான். தங்கராசுவும் வண்டிக்காரன்தான், டீசல் வண்டி. பெட்ரோல் இன்ஜினைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால் என்ன, போன் இருக்கிறது, வீடியோ இருக்கிறது.

"ஏம்பா இருதயம், இப்ப வர்ற சாதா பெட்ரோல்ல என்னென்னமோ கலக்குறான். உன் வண்டிக்கு சத்து பத்தல. பிரீமியம் போடு. தொண்ணூத்தஞ்சு ஆக்டேன். ஒருத்தன் போட்டு ஓட்டி காட்டுறான் பாரு, பிக்கப் பிச்சிக்கினு போவுது."

"ஆக்டேன்னா இன்னா?"

"பவருப்பா. நம்பர் ஏற ஏற பவரு."

நம்பர் ஏறினால் பவர் ஏறும். கேட்கிற காதுக்கு இதைவிட நியாயமான பேச்சு உண்டா? இருதயநாதன் அன்று ராத்திரி அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாணம். போகிற வழியில், பெரிய முதலியார்சாவடி தாண்டி இருந்த பங்கில் அந்தப் பெட்ரோல் கிடைத்தது. ஐந்து லிட்டர் போட்டுக்கொண்டான். திரும்பி வரும்போது வண்டி ஜிவ்வென்று வந்தது. "பாத்தியா மேரி, பாத்தியா!" என்று ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சொன்னான். வண்டியில் அன்றைக்கு அவனும் பெண்டாட்டி அற்புதமேரியும் ஒரு தாம்பூலப் பையும் மட்டும்தான் இருந்தார்கள். முப்பது மூட்டை உப்பு இல்லை. இதை அவனுக்கு எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பானா என்ன.

அற்புதமேரி வேறு ஒன்று சொன்னாள். செவ்வாய்க்கிழமை வாடகைக்கு மூட்டை ஏற்றும்போது பின்சக்கரத்தின் நடுப்பகுதியில் அவள் கெண்டைக்கால் பட்டுவிட்டது. "அய்யோ மாதாவே" என்று அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, அந்த வீல் இன்னாத்துக்கு இப்படி சுடுது? அந்தப் பக்கத்து வீல் சுடல. தொட்டுப் பாத்தேன்."

"வண்டி ஓடினா சூடாவாம இன்னா பண்ணும்? பாத்து நிக்கக் கூடாதா?"

"ஒரு பக்கம் மட்டும் சுடுதே?"

"உனக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்? வீட்டுக்குப் போயி பேஸ்ட்டு தடவு."

அவள் பேஸ்ட் தடவிக்கொண்டாள். பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷனும் பெண்டாட்டியுமாகக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபடுகிற பாத்திகள் அவை. மார்ச் மாதம் வரக்கூடாத மழை ஒன்று வந்து முதல் உப்பைக் கரைத்துக்கொண்டு போயிருந்தது. மறுபடி தண்ணீர் பாய்ச்சி, மிதித்து, காய வைத்து, நாற்பது நாள் வெயிலில் வெந்து வாரியெடுத்த உப்பு, வரப்பின் மேல் ஒரு பெரிய குவியலாகக் கிடந்தது. இந்த வருஷத்தில் அவர்கள் கையில் இருந்தது அது ஒன்றுதான். ரோட்டோரத்தில் இருக்கும் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்தார்கள். கிடங்கு ஏத்தத்துக்கு அந்தப் பக்கம், அரைக் கிலோமீட்டர்.

வெள்ளிக்கிழமை காலை விடிந்ததும் எல்லார் போனிலும் ஒரே சேதி. கடலில் காற்றழுத்தத் தாழ்வு, மத்தியானத்துக்கு மேல் மழை. உப்பளமே எழுந்து ஓடியது. தங்கராசு வண்டி உட்பட எல்லா வண்டியும் யாருக்காவது சொல்லி வைத்தாகிவிட்டது. அற்புதமேரி ஏழு மணிக்கே மூட்டை பிடிக்க ஆரம்பித்திருந்தாள்.

இருதயநாதன் முதல் நடை முப்பது மூட்டை ஏற்றினான். பாதி ஏத்தத்தில் வண்டி நின்றது. பின்னால் உருண்டது. பத்து மூட்டையை இறக்கினான். மறுபடியும் நின்றது. இன்னும் பத்தை இறக்கிப் பத்து மூட்டையோடு ஏறிக் கிடங்கில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். முகம் கறுத்துப் போயிருந்தது.

"பரவால்லீங்க. பத்து பத்தாவே ஏத்துவோம். நடை ஜாஸ்தியாவும், அவ்ளோதானே? மத்தியானத்துக்குள்ள முக்காவாசி போயிடும்" என்றாள் அற்புதமேரி.

நியாயமான பேச்சு. ஆனால் பத்து மூட்டை பத்து மூட்டையாக, ஊர் பார்க்க, ஏத்தத்தில் முக்கிக்கொண்டு ஏறுவதா? அதுவும் எவ்வளவு நடை!

"இதுக்கு சத்து பத்தல மேரி. அந்தப் பெட்ரோல்தான் சரி. ஃபுல் டாங்க் போட்டுக்கினு வந்துட்டா முப்பது முப்பதா ஏத்தி ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடலாம். போயிட்டு வர ஒண்ணரை மணி நேரம். நீ அதுக்குள்ள மூட்டை பிடிச்சி வை."

"மழை வந்துட்டா?"

"மத்தியானத்துக்கு மேலதான் சொல்லியிருக்கான்."

போனான். அன்றைக்குப் பார்த்துப் போனான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி அறுபதுக்கு மேல் போகவில்லை. பங்கில் பிரீமியம் போடுகிற ஆள் டிபன் சாப்பிடப் போயிருந்தான். கால் மணி நேரம் நின்று, டாங்க் வழிய வழியப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது மணி பத்து. காலாப்பட்டு தாண்டும்போதே கடல் பக்கம் கறுத்திருந்தது. வெறும் மேகம்தான், காற்றில் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்னதும் போன் அடித்தது. அற்புதமேரி.

"எங்க இருக்கீங்க?"

"வந்துக்கினே இருக்கேன்."

"இங்க காத்து வந்துடுச்சுங்க. தூறல் போடுது. தார்ப்பாய் எங்க வெச்சீங்க? கொட்டாயில காணோம். வரப்புலயும் காணோம். எல்லா இடமும் தேடிட்டேன்."

இருதயநாதன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். நீலத் தார்ப்பாய் நாலாக மடித்து, கயிறு சுற்றி, வண்டிக்குள் பத்திரமாகக் கிடந்தது. குவியலை மூடுவதற்கென்றே போன மாதம் வாங்கியது. முதல் நடைக்கு மூட்டை மேல் போர்த்தலாம் என்று அவன்தான் காலையில் தூக்கிப் போட்டிருந்தான்.

"இன்னாங்க, கேக்குதா?"

"என்கிட்ட இருக்கு மேரி."

அந்தப் பக்கம் அவள் காலிச் சாக்குகளை இழுக்கிற சத்தம் காற்றோடு கேட்டது.

"பக்கத்துல யாருகிட்டயாவது கேளு. கீத்து கேளு, சாக்கு போட்டு மூடு. நான் வந்துட்டேன்" என்று கத்தினான்.

"எல்லாரும் அவங்கவங்கள மூடிக்கினு இருக்காங்க. நீங்க வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தான். டாங்க் நிறையத் தொண்ணூற்றைந்து ஆக்டேன். வண்டி அறுபதிலேயே நின்றது. "ஓடேன்டி, ஓடித் தொலையேன்டி" என்று கெஞ்சினான். கூனிமேடு வந்தபோது எதிரே பைக்கில் வந்தவன் கையைக் காட்டிக் கத்தினான். இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்தில் புகை. தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது.

நல்லவேளை, கூப்பிடு தூரத்தில் முஹ்சின் பட்டறை. முஹ்சின் ஐந்து வருஷம் துபாயில் வண்டி ரிப்பேர் பார்த்துவிட்டு வந்தவன். ஓடி வந்தவன் சக்கரத்தின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தான். சுர்ரென்றது.

"யா அல்லாஹ்! இன்னாண்ணே இது, இப்படியேவா ஓட்டிக்கினு வந்தீங்க? பிரேக் பிடிச்சிக்கினு இருக்குது. எத்தினி நாளா?"

"இழுக்கல பாய். மைலேஜ் இல்ல. அதான் பிரீமியம் பெட்ரோல்..."

"பெட்ரோல் இன்னா பண்ணும்? ஆக்டேன்னா பவர் இல்லண்ணே. இன்ஜின்ல பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடி வெடிச்சி டக்கு டக்குன்னு தட்டாம இருக்கறதுக்கு அது. உங்க இன்ஜின் சாதா பெட்ரோலுக்கே தட்டாது. அதுல போயி தேனையே ஊத்துங்களேன், மைலேஜ் ஏறாது. எப்பலேர்ந்து இப்படி?"

"ஈஸ்டர்லேர்ந்து."

"ஈஸ்டருக்கு வண்டிய நிறுத்தி வெச்சீங்களா?"

வைத்தான். பெரிய வியாழனுக்கு முதல் நாள் வண்டியைப் பளபளவென்று கழுவினான், போர் தண்ணீரில். அந்த ஊர்ப் போர் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது, அவ்வளவு உப்பு. கழுவிக் கோயில் பக்கத்தில் நிறுத்தினான். சிலுவைப்பாதைக் கூட்டம், பிள்ளைகள் ஏறி விளையாடும், உருண்டுவிடக் கூடாதென்று ஹேண்ட் பிரேக்கைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து வைத்தான். பரிசுத்த நாளில் வண்டி எடுக்கக் கூடாதென்று நாலு நாள் தொடவே இல்லை. உப்பளத்து வண்டிக்காரன் எவனும் ஹேண்ட் பிரேக் போட மாட்டான். கியரில் விட்டுச் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பான். இருதயநாதனும் ஏழு வருஷமாகக் கல்தான் வைத்தான். அந்த ஒரு தடவை, சாமி காரியம் என்று, ரொம்பப் பொறுப்பாக நடந்துகொண்டுவிட்டான்.

"அவ்ளோதான். கேபிள் உப்புல பூட்டிக்கிச்சு. லிவர இறக்கினாலும் அங்க ஒரு வீல் பாதி பிடிச்ச பிடியா நிக்குது. வண்டி இத்தினி நாளா பிரேக்கையும் இழுத்துக்கினு ஓடுது, பாவம்" என்ற முஹ்சின், அடியில் நுழைந்து கேபிளை வெட்டித் தட்டித் தட்டி விடுவித்தான். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினான். ராட்டினம் மாதிரி சுற்றியது. "போங்கண்ணே, இப்ப போங்க. நாளைக்கு வாங்க, முழுசா பிரிச்சி பாத்துடலாம்."

இருதயநாதன் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன் மேல் முதல் மழைத்துளி விழுந்து ஆவியாகப் போனது.

அதற்குப் பிறகு வண்டி ஓடிய ஓட்டம் இருக்கிறதே! எண்பது, எண்பத்தைந்து. ஏழு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய அன்று ஓடிய மாதிரி ஓடியது. வைப்பர் அடித்து மாளவில்லை. மழை கண்ணாடி முழுக்கக் கொட்டியது. இருதயநாதன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். வேகமாகப் போகிறதே என்று அழுதான். இந்த வேகம் காலையிலும் இந்த வண்டிக்குள்தான் இருந்தது.

உப்பளத்தில் எல்லாம் வெள்ளக்காடாக இருந்தது. எது பாத்தி, எது வரப்பு என்று தெரியவில்லை. அவர்கள் குவியல் இருந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மொட்டை மேடு மிச்சம் இருந்தது. அதன் மேல் காலிச் சாக்குகளைப் போட்டு, சாக்குகள் பறக்காமல் இருக்க அற்புதமேரி அவற்றின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். அவள் மேல் பட்ட மழை சாக்கில் இறங்கி, உப்பில் இறங்கி, வெள்ளையாகப் பாத்திக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினான். ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடித்தார்கள். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறந்துகொண்டது. மூடி முடித்தபோது உள்ளே மூட என்ன இருந்தது என்று ரெண்டு பேருமே குனிந்து பார்க்கவில்லை.

"பெட்ரோல் கெடச்சுதா?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"கெடச்சுது."

"வண்டி இழுக்குதா?"

"இழுக்குது."

"அப்ப அந்த மூட்டைய ஏத்துங்க. அதாவது மிஞ்சட்டும்."

காலையில் இறக்கிய இருபதும், அவள் பிடித்து வைத்த எட்டும் வரப்பில் நின்றன. ஒவ்வொன்றும் அடியில் சொட்டிக்கொண்டு, பாதிக்குப் பாதி தொய்ந்து போயிருந்தது. ரெண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினார்கள். அவள் முன்னால் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேறாகக் கிடந்த ஏத்தத்தில் வண்டி இரண்டாவது கியரில், ஒரு இடத்தில்கூட நிற்காமல், ஏறி ரோட்டுக்கு வந்துவிட்டது.

"பரவால்லியே. நல்ல பெட்ரோல்தான் போலருக்கு" என்றாள் அற்புதமேரி. குளிரில் பல் தந்தி அடித்தது. "நீங்க சொன்னது சரிதான். மழைதான் நம்மளக் கெடுத்துடுச்சு."

இருதயநாதன் கியரை மாற்றினான். அப்படியே விட்டுவிடலாம். மழை மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். அவள் ஒருநாளும் கேட்க மாட்டாள். வண்டியை ஓரமாக நிறுத்தினான். கை ஹேண்ட் பிரேக்குக்குப் போய், பாதியில் நின்றுவிட்டது.

"பெட்ரோல் இல்ல மேரி."

"பின்ன?"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அன்னிக்கு உன் கால சுட்டுச்சே, அந்த வீலுதான்" என்றான்.

அற்புதமேரி நனைந்த சேலையைக் கொஞ்சம் தூக்கி, குனிந்து தன் காலைப் பார்த்தாள்.