மஞ்சள் சூடு

குப்புராஜின் தலையில் பங்காளிகள் அரப்பு தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. அது கோகிலவாணியின் இடுப்பில் இருந்தது. விடியற்காலையில் மரவள்ளிக் காட்டுக்கு மோட்டார் போடப் போனவர் வாய்க்கால் ஓரமாகவே விழுந்துவிட்டார். ஏரியூரிலிருந்து ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதிலிருந்து புருஷனின் போனை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல வாங்க வந்த கொழுந்தன் அருள்குமாரிடம்கூட, உங்க போன்லயே பேசிக்கங்க என்று சொல்லிவிட்டாள்.

திரையில் 'சேலம் டாக்டர்' என்றிருந்தது. பிடித்து உட்காரவைக்கப் பார்த்த பெண்களை விலக்கிவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனாள்.

மகள் பூவிழிக்கு இப்போது நாலு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே இடது கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று வந்தவர் போனவரெல்லாம் கிள்ளினார்கள். ஒன்றரை வயதில் அந்தப் பக்கம் மட்டும் பெருத்தபோது பொன்னுக்கு வீங்கி என்று முடிவு கட்டி, கோகிலவாணியின் தங்கச் சங்கிலியைப் பிள்ளை கழுத்தில் போட்டார்கள். ஒரு மாதமாகியும் வீக்கம் இறங்கவில்லை. பக்கத்து ஊரில் சூடு வைக்கிறவர் ஒருவர் இருந்தார். விரலி மஞ்சளை நெருப்பில் காட்டி, கன்னத்தில் மூன்று இடத்தில் வைத்தார். பிள்ளை துள்ளாமல் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தது குப்புராஜ்தான். பார்க்கச் சகிக்காமல் கோகிலவாணி வெளியே வந்து நின்றாள். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

வீக்கம் அது பாட்டுக்கு வளர்ந்தது. போன மாதம்தான் சேலத்துக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் சசிகலா கன்னத்தை நெடுநேரம் அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். அப்புறம், இந்தப் பக்கம் பல் முன்னாடியே முளைத்ததா என்று கேட்டார். குப்புராஜ் முந்திக்கொண்டு ஆமாம் என்றார். மகளுக்கு இடப்பக்கக் கடைவாய்ப்பல் சீக்கிரம் வந்துவிட்டதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர் அவர். டாக்டர் அதை எழுதிக்கொண்டு, கன்னத்தில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கட்டி என்றால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அர்த்தம் ஒன்றுதான்.

நேற்றுச் சாப்பிடும்போது, கேன்சராக இருந்தால் என்ன செய்வது என்று குப்புராஜ் கேட்டார். அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"நீங்கதான புடிச்சிக்கிட்டுச் சுட வெச்சீங்க. அதுதான் உள்ள பொங்கி இப்படி ஆயிடுச்சு."

அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அதோடு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"பூவிழி அப்பா இருக்காருங்களா?" என்று போனில் டாக்டர் கேட்டார்.

"அவரு குளிச்சிக்கிட்டு இருக்காருங்க. நான் அவ அம்மா."

ரிசல்ட் வந்துவிட்டதாம். கேன்சர் இல்லை, கொழுப்புதானாம். கன்னத்துச் சதைக்குள் பரவி, அடியில் எலும்பையும் பெருக்கவைக்குமாம். ரொம்ப அபூர்வமாக வருவது. பல் முந்தி முளைத்ததும் அதனால்தான். உயிருக்கு ஒன்றும் ஆகாது, வளர்ந்தபிறகு ஆபரேஷன் செய்யலாம், ஆனால் மறுபடி வளரவும் கூடும் என்றார். கோகிலவாணிக்குப் பாதிதான் காதில் ஏறியது.

"சூடு வெச்சதாலங்களா மேடம்?"

"இல்லம்மா. அதனால வந்தது தழும்பு மட்டும்தான். இது பொறக்கும்போதே இருந்தது. உங்க வீட்டுக்காரரும் அன்னிக்கு உங்கள வெளிய அனுப்பிட்டு இதையேதான் கேட்டாரு. ரிசல்ட் வரட்டும்னு சொன்னேன். அவருகிட்ட மொதல்ல சொல்லிடுங்க."

சரிங்க என்றாள்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அதன்மேல் தன் பேச்சையும் ஏற்றி அனுப்பிவிட்டாள். போனை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு பந்தலுக்கு வந்தாள்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. அவர் பக்கத்தில் போக அவளுக்கு இருப்பது இந்த ஒரு முறைதான். அரிசியைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் காதோரம் குனிந்து சொன்னாள். மேளம் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மயங்கி விழப்போகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உதறினாள்.

"மேளத்த நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் அருள்குமாரிடம்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கிக் காட்டினான். சத்தம் நின்றது.

"வெறும் கொழுப்புதானுங்களாம். கேன்சர் இல்லீங்களாம். பொறக்கும்போதே இருந்துச்சாம். நீங்க சுட்டதால இல்லீங்க."

கோகிலவாணி அரிசியை மூடிய கையோடு, அவர் காதருகில் குனிந்தபடியே இருந்தாள். மேளக்காரர்கள் ஓங்கிய குச்சியைக் கீழே இறக்காமல் நின்றார்கள்.