மோடம் வழியே வந்த மழை

மோடத்தை மாட்டிய புதன்கிழமை காலை, தட்டச்சுக்காரியின் முன்னறையில் மட்டும் நாற்பது நிமிடம் மழை பெய்தது. வெளியே தெருவில் சுள்ளென்று வெயில்.

அவள் பக்கங்களைத் தட்டச்சு செய்து கொடுத்துவந்த அச்சகம் எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தது. இனி தபால் வேண்டாம், தொலைபேசிக் கம்பி வழியாகவே அனுப்புங்கள், வெள்ளிக்குள் முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்து கடிதம் வந்துவிட்டது. அங்கே பக்கங்களை வாங்கித் திருத்துகிறவள் அவளுடைய சொந்த அக்கா. தம்பி கல்யாணப் போட்டோவில் யார் முன்வரிசையில் நிற்பது என்று முறுக்கிக்கொண்டதில், இருவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. பேசப்போவது இயந்திரம்தானே, நானா என்று தட்டச்சுக்காரி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கணினி ஒரு கம்பெனி, அதைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கக் கைக்கு அகப்பட்ட மோடம் வேறு கம்பெனி. ஒன்றின் பல் மற்றதன் வாயில் நுழையவில்லை. கடிகாரம் பழுதுபார்க்கும் கணவர் கேபிளை வெட்டி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் பற்றவைத்தார். விளக்கெல்லாம் எரிந்தது, திரையில் ஓர் எழுத்து வரவில்லை. மூன்றாம் நாள்தான் அவருக்குப் பொறி தட்டியது.

"ரெண்டும் ஒரே கம்பியில பேசுது. அப்புறம் கேக்குறது யாரு? உங்க அக்கா தங்கச்சி கதையேதான்."

அவள் முறைத்தாள். அவர் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்தார். மோடம் கிறீச்சிட்டு அடங்கியது. உடனே கூரைக்கு ஒரு முழம் கீழே, வெறும் காற்றிலிருந்து தூறல் தொடங்கி வலுத்தது. கணவர் ஓடிப்போய் கணினிக்குக் குடை பிடித்தார். ஒரு நிமிடம் தயங்கிவிட்டு அவள் அக்காவுக்கு அடித்தாள்: "அங்க மழையா?"

"கொட்டுது. உனக்கு எப்படித் தெரியும்?"

"என் தலையெல்லாம் நனைஞ்சிடுச்சு."

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. "முதல்ல தலையத் துவட்டுடி. சளி பிடிச்சுக்கும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பக்கங்கள் ஓர் எழுத்தும் நனையாமல் போய்ச் சேர்ந்தன. கூடவே இந்தத் தெரு வெயிலும் போயிருந்தது. அக்கா தன் மேசைக்குக் குறுக்கே கொடி கட்டித் துணி உலர்த்தினாள்.

தொலைபேசி அலுவலகத்துக்காரர் வந்து, குடைக்கடியில் நின்று சோதித்து, "இணைப்பு நன்று, சற்று ஈரம்" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். அங்கே மழை பெய்யும்போது இணைத்தால் இங்கேயும் பெய்ததால், கொத்தனார் தரையைச் சரித்து வடிகால் வைத்தார். அடுத்த பன்னிரண்டு வருடத்தில் மூன்று கணினிகள் மாறின, மோடத்தை மாற்ற யாரும் விடவில்லை. கோடை வந்தால் எதிர்வீட்டுக்காரி நாற்காலியோடு வந்து நிற்பாள்.

"வெக்கை தாங்கல. உங்க அக்காவுக்குக் கொஞ்சம் போன் போடேன்."