நெஞ்சு வலிவு

தக்கலைக்கு மேற்கே இருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ரசலையனுக்கு இரண்டு வேலை. ஒன்று, மருந்து கலக்குவது. மற்றது, நார்வே நாட்டிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு வந்து அவசர நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஓலாவுக்குக் காதும் நாக்குமாக இருப்பது. இரண்டாவது வேலையைத்தான் அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஓலாவ் வந்த வாரமே ‘ஓலை டாக்டர்’ ஆகிவிட்டார். இருபத்தாறு வயது. கப்பலில் வரும்போதே இலக்கண நூலை வைத்துத் தமிழ் படித்தவர். பனையிலிருந்து விழுந்தவனிடம் போய், “தங்களுக்கு எவ்விடத்தில் நோகின்றது?” என்று கேட்பார். கடைசி ஜெபம் ஆரம்பித்துவிட்டது என்று விழுந்தவன் அலறுவான். ஆகவே ரசலையன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான். ஆங்கிலம் ஓலாவுக்கும் இரவல், ரசலையனுக்கும் இரவல். இரவல் சட்டை போட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்கள்போல, எங்கும் கிழிந்துவிடாமல் இருவரும் பதனமாகப் பேசிக்கொண்டார்கள்.

ரசலையனுக்கு ஊர் கிழக்கே அஞ்சுகிராமம். அங்கிருந்து களியக்காவிளை வரைக்கும் எந்தத் தமிழும் தனக்கு அத்துப்படி என்பது அவன் கட்சி. அதைவிட, சுருக்கிச் சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கால்மணி நேர ஒப்பாரியை “காய்ச்சல், மூன்று நாள்” என்று முடித்துவிடுவான். மிச்சமெல்லாம் பொம்பளைப் பேச்சு என்பான்.

1952 மாசியில் ஒரு மத்தியானம், சிதறால் பக்கத்திலிருந்து கோலப்பன் என்பவரை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது. படுக்க முடியாமல், இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கூட வந்தவள் மனைவி பகவதியம்மாள். பெரிய டாக்டர் அன்று திருவனந்தபுரம் போயிருந்தார்.

ஓலாவ் குழாயை நெஞ்சில் வைத்தார். சீழ்க்கை அடிப்பதுபோலச் சத்தம். இருதயம் தளர்ந்தாலும் இப்படித் திணறும், பெரும்பாலும் கூடவே வலியும் இருக்கும். மூச்சுக்குழல் இறுகினாலும் இப்படித்தான். முதலாவதற்கு மார்ஃபியா ஊசி உயிர் கொடுக்கும். இரண்டாவதற்கு அதே ஊசி எமன்.

“நெஞ்சில் வலி உண்டா, கேளுங்கள்” என்றார் ஆங்கிலத்தில்.

“என்னம்மா செய்யுது இவருக்கு?” என்றான் ரசலையன்.

“வலிவாக்கும் கம்பவுண்டரே! நெஞ்சு வலிவு. ரெண்டு நாளா ஒறக்கமே இல்ல. சின்னப்பிள்ளையில இருந்தே உண்டு பாத்துக்கிடுங்கோ. களத்துல சூடடிச்சா, தூசி பட்டுக் கூடும். போகாதீங்கோ போகாதீங்கோன்னு கெடந்து பறஞ்சேன். கேட்டாத்தானே? வைக்கோலுக்குப் பொறந்த மனுசன்…”

“செரி, செரி. வண்டிமாட்டுக்க கதையையும் சொல்லிராத.”

வலிவாம்! சொல்லுக்கு ஒரு வால் வைக்காவிட்டால் இந்த மேற்கத்திக்காரர்களுக்குச் சோறு இறங்காது என்று நினைத்துக்கொண்டு அவன் டாக்டரிடம் திரும்பினான்.

“நெஞ்சு வலி. இரண்டு நாள்.”

“நிறையப் பேசினாளே?”

“அவ்வளவுதான் டாக்டர்.”

ஊசி ஏறியது. தவிப்பு அடங்கியது. தலை மெல்லச் சாய்ந்தது.

“ஒறங்குதாவ” என்று பகவதியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள், முதலில் டாக்டரை, பிறகு ரசலையனை. அவனும் பெரிய மனிதத் தோரணையில் தலையாட்டி அதை வாங்கிக்கொண்டான்.

அரைமணி நேரத்தில் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. ஓலாவ் ஓடிவந்தார். விலாவை அழுத்தினார், வேறு ஊசி போட்டார், தன் நாட்டு மொழியில் எதையோ சொல்லிக் கெஞ்சினார். கோலப்பன் எந்த மொழிக்கும் அசையவில்லை.

பகவதியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். “எத்தன வலிவு வந்து போயிருக்கு! வென்னி ஆவியில வேது பிடிச்சா சாயங்காலம் மாறிப்போவுமே! மூச்சு விடதுக்குத்தானே பாடு, வேற ஒரு வலியும் கெடையாதே எனக்க ராசாவுக்கு!”

ரசலையனுக்கு அப்போதுதான் உறைத்தது: இந்தப் பக்கத்தில் வலிவு என்றால் நோவல்ல, மூச்சிழுப்பு.

உள்ளே ஓலாவ் நோயாளிச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்: ‘நோயைத் தவறாகக் கணித்தவன் நான்.’ அந்த ஒரு வரியோடு அவருடைய பயிற்சியும் சான்றிதழும் போய்விடும். ரசலையன் பேசாமல் இருந்தால் போதும். சொல்லாமல் விடுவதில்தான் அவன் கெட்டிக்காரன் ஆயிற்றே.

கொஞ்ச நேரம் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னான். ஆஸ்த்மா என்ற சொல் அவனுக்குத் தெரியாததல்ல. வாரம் பத்துப் புட்டி அதற்கு அவன் கையால்தான் மருந்து கலக்குகிறான்.

“சின்ன வயதிலிருந்தே என்று சொன்னாளா?” என்றார் ஓலாவ்.

“சொன்னாள்.”

ஓலாவ் பேனாவை மூடினார். எழுதியதை அடிக்கவில்லை. “ஊசி போட்டது என் கை. வாருங்கள், அவளிடம் சொல்ல வேண்டும்.”

வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் பகவதியம்மாள். ரசலையன் அவள்முன் குத்தவைத்தான்.

“அம்மா, நீ வலிவுன்னு சொன்னே. நான் அத நோவுன்னு நெனச்சு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். சின்னதுல இருந்தே உண்டுன்னத நான் சொல்லவே இல்ல. அதனாலதான் அவரு அந்த ஊசியப் போட்டாரு. அது ஆகாத ஊசி. தப்பு எனக்க மேலதான்.”

ஏசுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

அவள் அவனையே பார்த்தாள். “உங்க ஊருல அதுக்கு என்ன பேரு?”

“எளப்பு.”

“எளப்பா?” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். “அந்த வார்த்த எனக்கும் தெரியுமே கம்பவுண்டரே. எனக்க அம்மைக்கு ஊரு கெழக்கயாக்கும். எளப்புன்னே சொல்லியிருப்பேனே. பாவி, நான்லா மாத்திச் சொல்லிட்டேன்!”

சொல்லிச் சொல்லித் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். ஓலாவ் முழங்காலிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்கிறாள் என்று ரசலையனைப் பார்த்தார். “இல்லம்மா, இல்லம்மா” என்பதைத் தவிர அவனுக்கு எந்த மொழியும் வரவில்லை.