மூடிய கணக்கு

அண்ணன் இறந்த பிறகு, அவர் பார்த்த மெயில் சர்வர் வேலை தங்கைக்கு வந்தது. அவருடைய கணக்கை மூடிவிட்டு, சரிபார்ப்பதற்காகக் கறுப்புத் திரையில் அவர் பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் தட்டினாள். ‘அனுமதி இல்லை’ என்றது சர்வர்.

யார் நுழைய முயன்றார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவுகளைத் திறந்தாள். அவள் முயன்றது ஒரே முறை. அங்கே ஆறு முயற்சிகள் இருந்தன. ஆறும் அவள் உட்கார்ந்திருந்த கணினியிலிருந்தே போயிருந்தன. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஏழாவதும் வந்தது.

அங்கிருந்து முடியாது என்று தெரிந்தும் அண்ணிக்குப் போன் செய்தாள். “அண்ணி, அண்ணனோட மெயிலைத் தொறந்து பாக்குறீங்களா?”

“இல்லம்மா, எனக்கு பாஸ்வேர்டே தெரியாதே. ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

பயத்தைவிட, அண்ணன் உள்ளே வர முடியாமல் வெளியே நிற்கிறாரே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கணக்கைத் திரும்பத் திறந்துவிட்டாள்.

எட்டாவது வரி வந்தது: ‘அனுமதி உண்டு.’ அதன்பின் எதுவும் வரவில்லை.