கத்தத்து விரிப்பில் வைத்த பிஸ்டல்

என் கணவர் பஸ்லான் வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டைகளில் நெல் வாங்கி விற்பவர். காசோடு போகும்போது ஒருமுறை வழிமறித்து அடித்துப் பறித்துவிட்டார்கள். அதன்பிறகு அலையாத இடமெல்லாம் அலைந்து பெர்மிட் எடுத்து, யாரோ ஒருவர் பாவித்த பிஸ்டலை வாங்கி வந்தார்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவார். மகசீனைக் கழற்றுவார், துடைப்பார், கையில் வைத்துப் பாரம் பார்ப்பார். கலியாணம் முடித்த புதிதில் என்னைக்கூட இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. கடைசியில் மேல்பகுதியை இழுத்துவிடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்படியில் என் கை நின்றுபோகும். கடை வாசலில் எங்கள் வாப்பாவைச் சுட்டபோது, வெடிக்கு முதல் நான் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். அப்போது நான் சின்னப்பிள்ளை.

ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு நிஸ்றா, பிடி தேஞ்சிருக்கு. சும்மா அலுமாரிக்குள்ள கிடந்ததுண்டு வித்தவர் பொய் சொல்லியிருக்கார்."

பழைய மோட்டார் சைக்கிளில் குறை கண்டுபிடித்தவர்போல் சொன்னார். 

"ஆரச் சுட்டிரிப்பாங்க?" என்று கேட்டேன்.

"உனக்கு விசர்."

அன்றிலிருந்து எங்கள் படுக்கையறையில் நான் தனியாக இல்லை. பிஸ்டல் இருந்த அலுமாரிப் பக்கம் முதுகைக் காட்டிப் படுக்கவே பயமாக இருந்தது. யாரோ மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

"இது எண்ட உம்மா சீதனமாத் தந்த ஊடு. போறதெண்டா அதுதான் போகணும், நான் போகமாட்டன்" என்றேன்.

பஸ்லான் கண்டிப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். சண்டைக் காலத்தில் எங்கள் ஊர் பட்டதை அவர் பேப்பரில்தான் படித்திருக்கிறார். ஆனால் நல்ல மனிதர். இறந்தவர்களுக்காகக் குர்ஆன் ஓதிச் சாப்பாடு கொடுக்கும் கத்தத்தை ஒருதரம் வைத்தால் என் பயம் போய்விடும் என்று நம்பினார். நானும் நம்பி, நெய்ச்சோறு ஆக்கினேன்.

ஓதுவதற்கு ஹமீட் லெப்பையும் அக்கம்பக்கத்து ஆண்களும் வந்து வெள்ளை விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால். பலர் சேர்ந்து சாப்பிடும் சவன் தட்டுகளில் சோறு வந்தது. அப்போதுதான் பஸ்லான் உள்ளே போய்ப் பிஸ்டலை எடுத்துவந்து, ஊதுபத்திக்குப் பக்கத்தில் விரிப்பின் நடுவில் வைத்தார். ஓதலின் பறக்கத்து அதற்கும் கிடைக்கட்டுமாம். எங்கள் ஊரில் பிறந்த யாரும் அந்த வேலையைச் செய்யமாட்டார்கள்.

எல்லோரும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். லெப்பை தடுமாறித் தடுமாறி ஓதி முடித்தார். துஆவுக்கு முன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"ஆர்ர பேருக்கு ஓதின தம்பி?"

"பேர் தெரியாது லெப்பை. இதால ஆராவது மௌத்தாகியிருந்தா, அவங்களுக்கு."

திரைக்குப் பின்னாலிருந்து நான்தான் சொன்னேன்.

"எங்கட வாப்பாட பேரச் சொல்லுங்க லெப்பை. அப்துல் மஜீட்."

மீன்கடை ஸாஹிர் காக்கா தொண்டையைச் செருமினார். "எங்கட கூடப்பிறந்த ராத்தாவையும் சேருங்க. றஸீனா."

"என்னோட ஆத்துல தோணி வலிச்ச திவாகரனையும்" என்றார் ஒருவர். அந்தப் பேர் கத்தத்தில் வரலாமா என்று லெப்பை கேட்கவில்லை.

என் பக்கத்தில் இருந்த ஸுஹைனா மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பேர் சொன்னார். பிறகு இன்னொரு பேர். லெப்பை கைகளை ஏந்தினார்.

"முஹம்மட் ஜிப்ரி" என்றார். "எண்ட மகன்."

அதற்குமேல் அவருக்கு ஓத வரவில்லை.

பஸ்லான் எழுந்தார். பிஸ்டலைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"நிஸ்றா, அவங்களச் சாப்பிடச் சொல்லு. நான் இதைப் பொலிசில ஒப்படைச்சிட்டு வாறன்."

அவர் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது சோறு ஆறிப்போய் அப்படியே இருந்தது. பேர்கள் இன்னும் முடியவில்லை.